பெயர் வ.உ.சி.க்கு, துறை யாருக்கு?

(புதுதில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட் பகுதியில் நடைபெற்ற தமிழ்த் தோழர்களின் அரசியல் வகுப்பில், 'துறைமுக நகரம்: நேற்றும் இன்றும்' என்னும் தலைப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இந்த அறைக்கு வருமுன் கீழே சந்தையில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். வாழையிலை, முருங்கைக்காய், சின்ன வெங்காயம், மீன் என்று தில்லித் தமிழர்களும் மலையாளிகளும் தேடி வருகிற எல்லாம் அங்கே இருக்கின்றன. ஒரு கடையில் கருவாட்டைக் காட்டி, "அண்ணாச்சி, இது எந்த ஊர்ச் சரக்கு?" என்று கேட்டேன். "தூத்துக்குடி" என்றார் அவர், சற்றும் தயங்காமல். உண்மையோ வியாபாரமோ, இன்றைய பேச்சுக்கு அவர் முன்னுரை எழுதிக் கொடுத்துவிட்டார்.

இந்தச் சந்தையின் பெயரையும் ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். நாள்தோறும் ஆயிரக்கணக்கானவர்கள் 'ஐ.என்.ஏ., ஐ.என்.ஏ.' என்று சொல்லிக்கொண்டு மெட்ரோவில் இறங்குகிறார்கள். அது இந்திய தேசிய ராணுவத்தின் பெயர் என்பது அவர்களில் எத்தனை பேர் நினைவில் இருக்கும்? அந்த ராணுவத்தில் மலேயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழ்க் கூலித் தொழிலாளர்கள் பெருந்தொகையினர். அந்த வீரர்கள் மீது 1945 நவம்பரில் செங்கோட்டையில் வழக்கு தொடங்கியது. அடுத்த பிப்ரவரி 18 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் கடற்படை மாலுமிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, அவர்களது கோரிக்கைகளில் ஐ.என்.ஏ. கைதிகளின் விடுதலையும் ஒன்று. மாலுமிகளுக்கு ஆதரவாகக் கம்யூனிஸ்ட் கட்சி விடுத்த அறைகூவலை ஏற்று பிப்ரவரி 22 அன்று பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆக, நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தின் பெயருக்கும் ஒரு துறைமுக நகரத்தின் தொழிலாளர்களுக்கும் தொடர்பு உண்டு. பெயர்ப்பலகை நிலைத்திருக்க, அந்தப் பெயர் எதற்காக நின்றதோ அது மறைந்து போவது நம் நாட்டில் புதிதல்ல. தூத்துக்குடித் துறைமுகத்தின் கதையும் அத்தகையதே.

நண்பர்கள் முதலில் என்னிடம் கேட்டது லிவர்பூலைப் பற்றி. இங்கிலாந்தின் ஒரு துறைமுக நகரம் எப்படி வளர்ந்தது, இன்று எப்படி இருக்கிறது என்று பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். ஆனால் தூத்துக்குடியிலிருந்து தொடங்கி லிவர்பூலுக்குப் போகும் வழியில் பேசுகிறேன். இரண்டு ஊர்களையும் ஒரு காலத்தில் ஒரு பஞ்சுப் பொதி இணைத்திருந்தது.

துறைமுக நகரங்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் யார் ஆண்டார்கள், எந்தக் கோட்டை கட்டினார்கள் என்று எழுதுவார்கள். சரக்கை யார் சுமந்தார்கள், சுமந்தவனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் வேறொரு வரலாறு கிடைக்கும். கொற்கையைப் பற்றி முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்கக் கடல்வழி நூல் ஒரு செய்தி தருகிறது: அங்கே முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள். பாண்டியரின் முத்தை நாம் எத்தனையோ முறை பெருமையாகப் பேசியிருக்கிறோம். மூச்சை அடக்கிக் கடலின் அடியில் இறங்கியவன் கைதி என்பதைப் பேசியதில்லை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரையைக் கண்ட மார்க்கோ போலோ, எடுக்கும் முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு, இருபதில் ஒரு பங்கு சுறாமீன்களை மந்திரத்தால் கட்டுவதாகச் சொல்லும் பூசாரிக்கு என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறார். மந்திரத்துக்குப் பங்கு நிர்ணயித்த அந்த ஏற்பாட்டில் மூழ்குபவனின் உயிருக்கு விலை இருந்ததாகத் தெரியவில்லை.

பிறகு போர்ச்சுகீசியர் வந்தார்கள். 1530-களில் பரதவர்கள் கூட்டமாகக் கத்தோலிக்கத்தைத் தழுவியதும், 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்ததும் நீங்கள் அறிந்தவை. அதை வெறும் மதமாற்றமாக மட்டும் பார்ப்பவர்கள், முத்துச்சலாபத்தைக் கைப்பற்ற நடந்த போட்டியில் மீனவர்கள் தங்களுக்கு ஒரு பாதுகாப்பைத் தேடினார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். 1658-இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். 1825-இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. எசமானர்கள் மாறிய இந்த மூன்று நூற்றாண்டுகளிலும் மாறாத ஒன்று உண்டு: தூத்துக்குடிக் கடல் ஆழமற்றது. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து வெகுதொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கைத் தோணியில் ஏற்றி, அலையில் தள்ளாடிக் கப்பலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எனவே தோணிக்காரரும் மூட்டை சுமப்பவரும் இல்லாமல் இந்த ஊர் ஒரு நாளும் துறைமுகமாக இருந்ததில்லை. எட்டுப் பேர் கை வைக்காமல் எந்த மூட்டையும் கடலைத் தாண்டவில்லை.

பஞ்சுப் பொதி போன வழி

இப்போது லிவர்பூலுக்குப் போவோம். 1715-இல் அங்கே மதகு வைத்த கப்பல்துறை திறக்கப்பட்டது. ஓதம் ஏறினாலும் இறங்கினாலும் கப்பல் ஒரே மட்டத்தில் நிற்கும். சரக்கு விரைவாக இறங்கும். அந்தத் துறையைச் செழிக்க வைத்த சரக்குகளில் முதன்மையானது மனிதர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 15 லட்சம் பேரை அட்லாண்டிக் கடலைக் கடத்திக் கொண்டுபோனவை லிவர்பூல் கப்பல்கள். அந்த மக்கள் லிவர்பூல் மண்ணில் கால் வைக்கவே இல்லை. கப்பல் இங்கிருந்து சரக்குடன் ஆப்பிரிக்காவுக்குப் போகும். அங்கிருந்து மனிதர்களுடன் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் அமெரிக்காவுக்கும் போகும். சர்க்கரையும் பஞ்சும் லாபமும் லிவர்பூலுக்குத் திரும்பும். 1807-இல் அடிமை வணிகத்தை பிரிட்டன் சட்டத்தால் நிறுத்தியது. அடிமைகள் பறித்த பஞ்சை வாங்குவதை நிறுத்தவில்லை. 1830-இல் லிவர்பூல்–மான்செஸ்டர் இரயில் பாதை வந்ததும், அந்தப் பஞ்சு மான்செஸ்டர் ஆலைகளுக்கு இன்னும் வேகமாகப் போயிற்று.

1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. வடக்கின் கடற்படை தென்மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிட்டது. லங்காஷயரில் பஞ்சு இல்லை, தறிகள் நின்றன, தொழிலாளர் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. லிவர்பூல் வணிகர்களில் பெரும்பகுதியினர் அடிமையுடைமைத் தெற்கின் பக்கம் நின்றார்கள். ஆற்றுக்கு அக்கரையில் பர்க்கன்ஹெட்டில் தெற்குக்காக 'அலபாமா' என்னும் போர்க்கப்பல் 1862-இல் கட்டப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில், பட்டினி கிடந்த மான்செஸ்டர் தொழிலாளர்கள் கூட்டம் கூடி அடிமைமுறை ஒழிப்புக்கு ஆதரவு தெரிவித்து லிங்கனுக்கு எழுதினார்கள். அந்தத் தொழிலாளர்களின் உறுதியை மார்க்ஸ் மிக உயர்வாக மதிப்பிட்டார். முப்பது மைல் இடைவெளியில் இரண்டு நகரங்கள், இரண்டு வர்க்கங்கள், இரண்டு நிலைபாடுகள். சர்வதேசியம் என்றால் என்ன என்று இளைய தோழர்கள் கேட்கும்போது நான் இந்த நிகழ்வைத்தான் சொல்வது வழக்கம்.

அந்தப் பஞ்சத்தில்தான் திருநெல்வேலிக் கரிசல் பஞ்சுக்குத் திடீர் மவுசு வந்தது. லிவர்பூல் பஞ்சுச் சந்தையின் விலைப்பட்டியலில் 'டின்னவேலி' என்றே ஒரு வகை உண்டு. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் காடுகளில் விளைந்த பஞ்சு தூத்துக்குடி வழியாகப் போனது. விலையை முடிவு செய்தது லிவர்பூல்; விதைத்தவர் கரிசல் விவசாயி; சுமந்தவர் தோணித் தொழிலாளி. 1865-இல் போர் முடிந்தது, விலை விழுந்தது. நேற்றுவரை பஞ்சு போட்டுப் பார் என்றவர்கள் மறுநாள் கடனைக் கட்டு என்றார்கள். உலகச் சந்தை என்ற சொல் நமது ஊர்களுக்கு 1991-இல் வந்ததாகச் சிலர் நினைக்கிறார்கள். கரிசல் காட்டு விவசாயிக்கு அது 130 ஆண்டுகளுக்கு முன்பே தெரியும்.

1876-இல் தூத்துக்குடிக்கு இரயில் வந்தது. அதே ஆண்டில்தான் தாது வருடப் பெரும்பஞ்சமும் தொடங்கியது. பஞ்சைக் கொண்டுபோக வந்த பாதை, பசித்தவர்களையும் கொண்டுபோனது. பஞ்ச காலத்தில் ஆயிரமாயிரம் குடும்பங்கள் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கப்பலேறின. பின்னாளில் தட்டப்பாறையிலும் மண்டபத்திலும் முகாம்கள் அமைத்து, மருத்துவப் பரிசோதனை செய்து, எண்ணிக்கை பார்த்து ஏற்றினார்கள். 1914-இல் தனுஷ்கோடி வழி திறக்கும்வரை சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகும் 'போட் மெயில்' பயணிகளும் தூத்துக்குடியில்தான் கப்பல் மாறினார்கள். மேல் தளத்தில் துரைமார், கீழ்த் தளத்தில் கூலிமார். இன்று மலையகத் தமிழர் என்று நாம் சொல்லும் மக்களின் கொள்ளுப்பாட்டன்மாரில் பலர் கடைசியாகப் பார்த்த இந்திய மண் தூத்துக்குடிக் கரை.

கப்பலும் ஆலையும்

இந்தக் கொழும்புப் பயணத்தில்தான் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி ஏகபோகம் வைத்திருந்தது. அதை எதிர்த்து 1906 அக்டோபரில் வ.உ.சிதம்பரனார் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். பங்கு ஒன்று 25 ரூபாய், 40,000 பங்குகள், மூலதனம் 10 லட்சம். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் தந்தார். மத நல்லிணக்கத்தைப் பற்றி மேடையில் சொல்வதற்கு நமக்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. 'காலியா', 'லாவோ' என இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. வெள்ளைக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது, சுதேசிக் கம்பெனி அரை ரூபாயாக்கியது, இலவசமாக ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் தருகிறேன் என்று வெள்ளைக் கம்பெனி அழைத்தது என்று இன்றும் அங்கே சொல்வார்கள். பெருமுதலாளி போட்டியைக் கொல்ல நட்டத்துக்கு விற்பான் என்பதை, தொலைபேசி நிறுவனங்கள் இலவச இணையம் கொடுத்த நாட்களில் நாமும் பார்த்தோம்.

கப்பல் கம்பெனிக் கதையைப் பள்ளிப் பாடநூலும் சொல்கிறது. பாடநூல் அவசரமாகக் கடந்துபோகும் பகுதி கோரல் மில் வேலைநிறுத்தம். ஹார்வி சகோதரர்களின் அந்த நூற்பாலையில் விடியலிலிருந்து இருட்டும்வரை வேலை. வார விடுமுறை கிடையாது. குழந்தைகளும் வேலை செய்தார்கள், அடியும் வாங்கினார்கள். 1908 பிப்ரவரி 27 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் ஆலையை விட்டு வெளியே வந்தனர். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் நாள்தோறும் கூட்டங்களில் பேசினார்கள். ஊர் மக்கள் அரிசி கொடுத்தார்கள், பணம் கொடுத்தார்கள், வேலைநிறுத்தக்காரர்களுக்கு வேறு வேலையும் கொடுத்தார்கள். ஆலை நிர்வாகத்துக்குப் பரிந்து பேசிய ஒரு வக்கீலுக்குச் சவரம் செய்துகொண்டிருந்த நாவிதர், அதைக் கேட்டதும் பாதி முகத்தோடு எழுந்துபோனார் என்று ஒரு செய்தி வழங்குகிறது. ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. ஊதிய உயர்வு, வேலைநேரக் குறைப்பு, ஞாயிறு விடுமுறை ஆகியவற்றைத் தொழிலாளர்கள் பெற்றார்கள்.

அரசை அச்சுறுத்தியது இதுதான் என்பது என் கருத்து. கப்பல் கம்பெனியோடு வணிகத்தில் போட்டியிட்டு அழித்துவிடலாம். அரிசிக் கடைக்காரரும் நாவிதரும் வண்ணாரும் ஆலைத் தொழிலாளியும் ஒரே பக்கம் நின்றால் கட்டணத்தைக் குறைத்து உடைக்க முடியாது. மார்ச் 12 அன்று வ.உ.சி. கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் மாண்டனர். தூத்துக்குடியில் ஆலைத் தொழிலாளர்கள் மீண்டும் வேலையை நிறுத்தினார்கள். இம்முறை கூலிக்காக அல்ல, தலைவரின் கைதைக் கண்டித்து. திலகரின் தண்டனையை எதிர்த்துப் பம்பாய்த் தொழிலாளர்கள் நடத்திய ஜூலை வேலைநிறுத்தத்தை லெனின் கவனித்து எழுதினார் என்பது நாம் வகுப்புகளில் சொல்வது. அதற்கு நான்கு மாதம் முன்னரே தூத்துக்குடித் தொழிலாளர்கள் அரசியல் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஜூலை 7 அன்று இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் குறைந்தது, ஆயினும் சிறையில் செக்கிழுத்தார். இதற்கிடையில் வெளியே கம்பெனி என்ன ஆயிற்று? அரசின் சினத்துக்கு அஞ்சிய பெருவணிகப் பங்குதாரர்கள் ஒதுங்கினார்கள். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அவர் உயிரைக் கொடுத்துக் கொண்டுவந்த கப்பல்களில் ஒன்று, எந்தக் கம்பெனியை எதிர்த்து வாங்கப்பட்டதோ அந்தக் கம்பெனிக்கே விற்கப்பட்டது. தேசிய முதலாளி எதுவரை நம்முடன் வருவார், எங்கே இறங்கிக்கொள்வார் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் படித்ததில்லை. 1912 டிசம்பரில் விடுதலையானபோது அவரை வரவேற்கச் சிறை வாசலில் கூட்டம் இல்லை. சென்னையில் மளிகைக்கடை வைத்துப் பிழைத்த காலமும் அவருக்கு இருந்தது. 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் காலமானார்.

கம்பெனி கலைந்த அதே 1911-இல் லிவர்பூலில் என்ன நடந்தது தெரியுமா? டாம் மான் தலைமையில் கப்பல், துறைமுக, இரயில் தொழிலாளர்கள் ஒன்றாக வேலையை நிறுத்தினார்கள். அரசு படையை இறக்கியது. மெர்சி ஆற்றில் 'ஆன்ட்ரிம்' போர்க்கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தியது. ஆகஸ்ட் 15 அன்று படையினர் சுட்டதில் இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். திருநெல்வேலியில் சுட்ட அரசும் லிவர்பூலில் சுட்ட அரசும் ஒன்றே. வெள்ளைத் தொழிலாளியின் தோலும் அந்தத் துப்பாக்கிக்குத் தடையாக இருக்கவில்லை.

பலகையில் ஒருவர், படகுத்துறையில் வேறொருவர்

1974 ஜூலையில் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கடலுக்குள் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறைகளைக் கொட்டி இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. நங்கூரமிட்டு எங்கோ நின்ற கப்பல்கள் முதல்முறையாகக் கரையை ஒட்டி நின்றன. மக்கள் பணத்தில், பொதுத்துறையில் நடந்த இந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்பவர்களோடு நான் உடன்பட மாட்டேன். துறைமுகத்தைச் சுற்றி ஸ்பிக் உரத் தொழிற்சாலை, கனநீர் ஆலை, 1,050 மெகாவாட் அனல்மின் நிலையம் ஆகியவை எழுந்தன. நிரந்தர வேலை, குடியிருப்பு, சங்கம் என்று ஒரு தலைமுறைத் தொழிலாளி நிமிர்ந்து நடந்தார். இன்று ஆண்டுக்கு 4 கோடி டன்னுக்கு மேல் சரக்கைக் கையாளும் அந்தத் துறைமுகத்துக்கு 2011-இல் வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது.

அந்தப் பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருக்கும் துறைகளைப் பாருங்கள். 1998-இல் ஒரு சரக்குப்பெட்டகத் துறை 30 ஆண்டு ஒப்பந்தத்தில் பி.எஸ்.ஏ. சிக்கால் நிறுவனத்துக்குத் தரப்பட்டது, பி.எஸ்.ஏ. என்பது சிங்கப்பூர் நிறுவனம். 2024 செப்டம்பரில் பிரதமர் திறந்துவைத்த புதிய முனையம் ஜே.எம்.பாக்ஸி நிறுவனத்தின் கையில். அந்த நிறுவனத்தில் 2023-இல் கணிசமான பங்கை வாங்கியிருப்பது ஹபாக்-லாயிட் என்னும் ஜெர்மானியக் கப்பல் கம்பெனி. கப்பல் உரிமையாளரே துறையிலும் பங்குதாரர். 1906-இல் வெள்ளைக் கம்பெனிக்குக்கூடத் தூத்துக்குடியில் கப்பல்தான் சொந்தம், துறை சொந்தமில்லை.

முதல் ஒப்பந்தத்தின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெட்டகம் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் ஏறும் உரிமத்தொகையைத் துறைமுகத்துக்குத் தருவதாக அந்த நிறுவனம் கையெழுத்திட்டது. பின்னர், இது கட்டுபடியாகவில்லை, வருவாயில் ஒரு பங்கைத் தரும் முறைக்கு மாற்ற வேண்டும் என்றது. நடுவர் மன்றம் அதற்கு இணங்கியது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், ஒரு தரப்பின் சம்மதம் இல்லாமல் ஒப்பந்தத்தை மாற்றி எழுத முடியாது என்று 2021 ஜூலையில் தீர்ப்பானது. துறைமுகத்துக்குச் சாதகமான தீர்ப்புதான். இருந்தாலும் ஒரு ஒப்பீட்டைச் செய்து பாருங்கள். கட்டுபடியாகவில்லை, ஒப்பந்தத்தை மாற்று என்று நீதிமன்றம் நீதிமன்றமாகப் போக ஒரு நிறுவனத்தால் முடிகிறது. நாள்கூலி கட்டுபடியாகவில்லை என்று ஒரு ஒப்பந்தத் தொழிலாளி சொன்னால் மறுநாள் காலையில் வாயிலில் அவருடைய அனுமதிச்சீட்டு இருக்காது.

அதே 2021-இல் 1963-ஆம் ஆண்டின் பெருந்துறைமுகப் பொறுப்புக் கழகச் சட்டத்தை நீக்கி, பெருந்துறைமுக ஆணையச் சட்டத்தை ஒன்றிய அரசு கொண்டுவந்தது. கட்டணங்களை நிர்ணயிக்க இருந்த தனி ஒழுங்குமுறை அமைப்பும் அதோடு போயிற்று. பொறுப்புக் கழகம் ஆணையமானது என்பது வெறும் சொல் மாற்றமல்ல. நிலவுடைமையாளராக இருந்து வாடகை வாங்கினால் போதும், சரக்கைக் கையாள்வது துறைமுகத்தின் வேலையல்ல என்ற கொள்கையின் சட்ட வடிவம் அது.

புகையின் பங்கு

துறைமுகம் சரக்கை மட்டும் கொண்டுவருவதில்லை. ஸ்டெர்லைட் தாமிர ஆலை முதலில் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில் அமைவதாக இருந்தது. அங்கே விவசாயிகள் விரட்டினார்கள். 1994-இல் தூத்துக்குடியில் அடிக்கல் நாட்டப்பட்டது. காரணம் எளிது: கடல் கடந்து வரும் தாமிரத் தாதுவை இறக்கத் துறைமுகம் பக்கத்தில் இருந்தது. தாது வரும், தாமிரம் போகும், லாபம் லண்டன் வரை போகும், கந்தகப் புகை மட்டும் ஊரோடு தங்கும். 2010-இல் சென்னை உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது. 2013-இல் உச்சநீதிமன்றம் 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்து, இயங்கலாம் என்றது. 2018 மே 22, போராட்டத்தின் நூறாவது நாள். ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி மீனவர்களும் வணிகர்களும் மாணவர்களும் பெண்களுமாக நடந்தார்கள். அன்றும் மறுநாளும் 13 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். கொல்லப்பட்டவர்களில் பள்ளிப்படிப்பை அப்போதுதான் முடித்திருந்த ஒரு பெண்ணும் உண்டு. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. காவல்துறையினர் 17 பேர் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. ஆலையைத் திறக்கக் கோரிய மேல்முறையீட்டை உச்சநீதிமன்றம் 2024 பிப்ரவரி 29 அன்று தள்ளுபடி செய்தது.

இங்கே ஒரு சங்கடமான கேள்வியை நாம் தவிர்க்கக் கூடாது. ஆண்டுக்கு 4 லட்சம் டன் உற்பத்தித் திறன் கொண்ட ஆலை மூடப்பட்டபின் இந்தியா தாமிரத்தை அதிகம் இறக்குமதி செய்யும் நாடாயிற்று. ஒப்பந்தத் தொழிலாளர்களும் லாரி ஓட்டுநர்களும் வேலை இழந்தார்கள். "என் பிள்ளைக்கு ஆஸ்துமா வந்தபோதும் நான்தான் அழுதேன், வேலை போனபோதும் நான்தான் அழுதேன்" என்று அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். மூடியது சரி என்பதே நமது நிலை. ஆனால் மூடிய பிறகு அந்தத் தொழிலாளிக்கு மாற்று வேலை கேட்டு நாம் எத்தனை இயக்கம் நடத்தினோம் என்று அவர் கேட்டால் நமது பதில் சற்று மெல்லிய குரலில்தான் வரும்.

உப்பளங்களைப் பற்றித் தனியாகவே ஒரு நாள் பேச வேண்டும். குஜராத்துக்கு அடுத்து நாட்டில் அதிக உப்பு விளையும் பகுதி இது. வெண்மையில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் கண் கெட்டு, காலில் வெடிப்பு விழுந்து வேலை செய்பவர்களில் பெரும்பகுதி பெண்கள். 2023 டிசம்பர் பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது ஊரும் உப்பளமும் ஒன்றாக மூழ்கின. இப்போது மின்சாரக் கார் ஆலை வந்திருக்கிறது. பசுமை ஹைட்ரஜன் என்கிறார்கள், கப்பல் கட்டும் தளம் என்கிறார்கள், குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் வேலை நடக்கிறது. வரட்டும். எந்தத் தொழிலையும் நாம் வெறுப்பவர்களல்லர். நிரந்தர வேலை எத்தனை, ஒப்பந்த வேலை எத்தனை, நிலம் யாருடையது, புகையும் கழிவும் எங்கே போகும் என்று முதல் நாளே கேட்பவர்கள்.

லிவர்பூல் இன்று என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பெட்டகக் கப்பல்கள் வந்தபின் பழைய துறைகள் காலியாயின. அவற்றின் கிடங்குகள் அருங்காட்சியகங்களாகவும் உணவகங்களாகவும் மாறின. அடிமை வணிகத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகம் 2007-இல் திறக்கப்பட்டது. அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். நீர்முகப்பில் எழுந்த புதிய கட்டுமானங்களால் 2021-இல் யுனெஸ்கோ அந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கியது. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. துறைமுகத் தொழிலாளர்களுக்கு வேலை உத்தரவாதம் தந்த தேசியத் திட்டத்தைத் தாட்சர் அரசு 1989-இல் ஒழித்தது. 1995 செப்டம்பரில், வேலைநீக்கம் செய்யப்பட்ட இளைஞர்கள் அமைத்த மறியல் கோட்டைத் தாண்டிச் செல்ல மறுத்ததற்காக ஏறத்தாழ 500 தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஒருவருக்காக மற்றவர் வேலைநிறுத்தம் செய்வதைச் சட்டம் தடுத்திருந்ததால் அவர்களது சங்கமே அவர்களை வெளிப்படையாக ஆதரிக்க இயலவில்லை. பல நாட்டுத் துறைமுகத் தொழிலாளர்கள் அவர்களுக்காகக் கப்பல்களைத் தாமதப்படுத்தினார்கள். 1998 ஜனவரி வரை தாக்குப்பிடித்துத் தோற்றார்கள்.

நமது நாட்டில் 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்புக்கென இருந்த 1986-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் பொதுத் தொகுப்பில் கரைந்துவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்பு 20 பேர் இருந்தாலே பொருந்தும் என்றிருந்தது, இனி 50 பேர் இருந்தால்தான். எந்தத் தொழிலிலும் 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் சட்டவிரோதம். கோரல் மில் தொழிலாளி 1908-இல் எந்த முன்னறிவிப்பைக் கொடுத்தார்?

இந்தச் செய்திகள் தில்லியில் வாழும் நமக்கு எதற்கு என்று எவரும் கேட்க மாட்டீர்கள். 2025 ஜூன் 1 அன்று ஜங்புராவில், பாராபுல்லா வடிகால் ஓரத்து மதராசி கேம்ப் இடிக்கப்பட்டபோது உங்களில் பலர் அங்கே நின்றீர்கள். 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்கு மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதி என்றார்கள், அதுவும் தொலைதூர நரேலாவில். நாற்பது ஐம்பது ஆண்டுகள் இந்த நகரத்தின் வீடுகளைப் பெருக்கித் துடைத்தவர்கள் அவர்கள். இலங்கைத் தோட்டத்திலும் இதே கதை, மதராசி கேம்பிலும் இதே கதை: உழைப்பு வேண்டும், உழைப்பவர் வேண்டாம்.

இப்போது தூத்துக்குடியிலும் அதே கதை வேறு முகத்தோடு நடக்கிறது. கட்டுமானத்திலும் தொழிற்பேட்டையிலும் பெட்டகக் கிடங்குகளிலும் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா தொழிலாளர்கள் வந்து நிற்கிறார்கள். தகரக் கொட்டகையில் உறங்கி, ஒப்பந்தக்காரரின் கணக்குப் புத்தகத்தை நம்பி வேலை செய்கிறார்கள். நமது சங்கத் தோழர்கள் அவர்களிடம் போகிறார்கள், மொழி தடையாகிறது. சைகையில் சங்கம் வைக்க முடியாது.

எனவே உங்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கத்தான் நான் வந்திருக்கிறேன். நீங்கள் இந்தி பேசும் ஊரில் தமிழராக வாழ்ந்தவர்கள். வேற்றுமொழி ஊரில் சம்பளப் பாக்கி கேட்பது எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எட்டு மணி நேர வேலை, கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம், சேமநல நிதி எண்ணைச் சரிபார்ப்பது, விபத்து நேர்ந்தால் யாரை அழைப்பது என்று நான்கு பக்கத் துண்டறிக்கை ஒன்றைத் தமிழில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். புத்தக இந்தி வேண்டாம். கோட்லா முபாரக்பூரில் பேசும் இந்தி போதும். இந்தி எழுதத் தெரிந்த தோழர்கள் தேநீருக்குப் பிறகு என்னைச் சந்தியுங்கள். மாத இறுதிக்குள் அது தூத்துக்குடிக்குப் போய்ச் சேர வேண்டும்.